ஒற்றையடிப் பாதையில் ஒரு சைக்கிள்

ரங்கன் மாமா சைக்கிளில் ஏறி ஊருக்கு வரவில்லை. சைக்கிள்தான் ரங்கன் மாமாவின் தோளில் ஏறி வந்தது.

ஒடுகத்தூரில் அந்தப் பழைய சைக்கிளை வாங்கி மலையடிவாரம் வரை மாமா மிதித்துக்கொண்டு வந்தார். அதற்கு மேல் ஒரே கல்லும் ஏற்றமும். சைக்கிள் மாட்டேன் என்றுவிட்டது. மாமா அதை ஆட்டுக்குட்டியைப் போலத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினார். அத்திக்கொல்லைக்கு வந்து சேர்ந்தபோது வேர்வையில் குளித்திருந்தார். ஆனாலும் தண்ணீர் கேட்கவில்லை. முதல் வேலையாக மணியை அடித்துக் காட்டினார்.

'கிணிங்! கிணிங்!'

ஊரே கூடிவிட்டது.

"இன்னா மாப்ள, அது உன்னச் சுமக்குமா, இல்ல நீ அதைச் சுமப்பியா?" என்று கேட்டார் ஒருவர்.

"ஏத்தத்துல நான் சுமப்பேன். சமத்துல அது சுமக்கும். ரெண்டு பேரும் அப்படித்தான் பேசி வெச்சிருக்கோம்," என்றார் மாமா.

எல்லோரும் சிரித்தார்கள். செந்தாமரை மட்டும் சிரிக்கவில்லை. அவள் தன் தம்பி கருப்பனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் பாரத்தை வைத்து நின்று, சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அது அவனுக்காக வந்த சைக்கிள்.

கருப்பனுக்கு ஏழு வயது. குழந்தையாக இருந்தபோது வந்த காய்ச்சலில் அவனுடைய வலது கால் மெலிந்துபோனது. வீட்டுக்குள் எதையாவது பிடித்துக்கொண்டு நடப்பான். வெளியே தூரம் போக முடியாது. ஆனால் குரல் மட்டும் கணீரென்று இருக்கும். "கால்ல இல்லாத பலமெல்லாம் இவனுக்குத் தொண்டையில கீது," என்பாள் அம்மா சாந்தம்மாள்.

பள்ளிக்கூடம் அடுத்த ஊரில் இருந்தது. மலைச்சரிவில் நீண்டு போகும் ஒற்றையடிப் பாதையில் போக வேண்டும். ஒரு பக்கம் பாறை. இன்னொரு பக்கம் ஓடைப் பள்ளம். போன வருஷம் முழுவதும் செந்தாமரைதான் தம்பியை முதுகில் சுமந்துகொண்டு போனாள். அவளுக்கே பதினோரு வயதுதான். இந்த வருஷம் தம்பி வளர்ந்துவிட்டான். ஒரு நாள் அவள் கால் சறுக்கி விழுந்தாள். தம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளுக்குத்தான் இரண்டு முழங்காலும் கிழிந்தன. ஆனால் அழுதவன் கருப்பன்.

"நான் இனிமே பள்ளிக்கூடம் வரலக்கா. நீ விழுந்துடுவே," என்றான்.

அப்பா காபித் தோட்ட வேலைக்குக் குடகுக்குப் போயிருந்தார். அன்றைக்கு வீட்டுக்கு வந்திருந்த அம்மாவின் தம்பி ரங்கன் மாமா இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். எதுவும் சொல்லாமல் எழுந்து போனார். ஒரு மாதம் கழித்து இப்படித் தோளில் சைக்கிளோடு வந்து நின்றார்.

மறுநாளே கருப்பன் சைக்கிளின் முன்கம்பியில் துண்டை மடித்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு பள்ளிக்கூடம் போனான். செந்தாமரை பின்னாலேயே ஓடினாள். அவள் முதுகு காலியாக இருந்தது. ஓட எவ்வளவு லேசாக இருந்தது!

ஆனால் பாதையில் ஒரு சங்கடம் இருந்தது.

அந்தப் பாதையில்தான் எல்லோரும் போவார்கள், வருவார்கள். தலையில் விறகுக்கட்டு, சாமை மூட்டை, புளிக்கூடை. மாமா மணி அடிப்பார். முன்னால் போகிறவர் ஒதுங்க மாட்டார். நட்டநடுப் பாதையில் அப்படியே நின்றுவிடுவார். மாமா பிரேக்கை அழுத்தி, காலைத் தரையில் தேய்த்து, தடுமாறிக் கீழே குதிப்பார்.

"மணி அடிச்சா நகரக் கூடாதா?" என்று கத்துவார்.

"பின்னாலயே வந்து இடிக்கிறியே, சுத்திப் போகக் கூடாதா?" என்று அவர்கள் கத்துவார்கள்.

"நான் சைக்கிள் வாங்கிட்டேன்னு எல்லாருக்கும் பொறாமை," என்றார் மாமா வீட்டுக்கு வந்து.

"மாமனுக்குத் தலைக்கனம்," என்றார்கள் ஊரில்.

செந்தாமரை இரண்டையும் கேட்டாள். இரண்டுமே சரியில்லை என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் எது சரி என்று தெரியவில்லை. அதனால் பேசாமல் இருந்தாள். அவளுக்குப் பேசாமல் இருப்பது சுலபம். ஒரு விஷயத்தை மனதுக்குள் போட்டு, கம்பங்கூழைத் துழாவுவது போல மெதுவாகத் துழாவிக்கொண்டே இருப்பாள்.

மாசி மாதம் ஒரு காலை. மங்கம்மாள் அத்தை தலையில் புளிக்கூடையோடு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். அவள் அடுத்த வீட்டுக்காரி. மாமா வளைவில் திரும்பினார். மணி அடித்தார். அத்தை நின்றாள். அந்த இடத்தில் பாதை சரிவாக இறங்குகிறது. பிரேக் பிடித்தும் சைக்கிள் நிற்கவில்லை. முன்சக்கரம் அத்தையின் காலில் மோதியது.

கூடை பறந்தது. ஒரு வாரமாக உலுக்கி, உடைத்து, கொட்டை எடுத்த புளியெல்லாம் பள்ளத்தில் உருண்டது. அத்தை பாதையில் உட்கார்ந்து கணுக்காலைப் பிடித்துக்கொண்டாள். கருப்பன் கம்பியைக் கெட்டியாகப் பிடித்திருந்ததால் தப்பினான்.

"ஐயோ அத்தே! அத்தே!" என்று அவன் கத்தியது இரண்டு மலைக்குக் கேட்டிருக்கும்.

அன்று சாயங்காலமே ஊர்க்கவுண்டர் முனியன் செந்தாமரையின் வீட்டுக்கு வந்தார். அத்திக்கொல்லையில் எந்த வழக்கு என்றாலும் அவர்தான் தீர்ப்புச் சொல்வார்.

"ரங்கா, இது காலு போட்ட வழி. சக்கரத்துக்குப் போட்டது இல்ல," என்றார். "ஞாயித்துக்கிழம ஊர் கூடட்டும். அதுவரைக்கும் அந்த வண்டி மேல யாரும் ஏறக் கூடாது."

மாமா தலையைக் குனிந்துகொண்டார். "சரிங்க கவுண்டரே."

மறுநாள் செந்தாமரை தனியாகப் பள்ளிக்கூடம் போனாள். திரும்பி வந்ததும் கருப்பன் கேட்டான். "இன்னிக்கு இன்னா பாடம்க்கா?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் குச்சியால் மண்ணில் எழுதிப் பார்த்தான்.

அதற்கு அடுத்த நாளும் கேட்டான். அவள் சொன்னாள்.

அதற்கும் அடுத்த நாள் அவன் கேட்கவில்லை. குச்சியை எடுக்கவும் இல்லை. கோழிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். செந்தாமரை அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். எவ்வளவோ நாள் அவனைச் சுமந்திருக்கிறாள். இந்த மௌனம் அதைவிடக் கனமாக இருந்தது.

சனிக்கிழமை செந்தாமரை விறகு பொறுக்கப் போனாள். கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடைப் பக்கமாகத் திரும்பினாள். அங்கே ரங்கன் மாமா சைக்கிளைக் கழுவித் துடைத்து, வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு அவள் பின்னால் வந்தார். ஏறத்தானே கூடாது? தள்ளலாமே! தள்ளிக்கொண்டே ஏதோ நினைவில் மணியைத் தட்டினார்.

'கிணிங்!'

செந்தாமரை நின்றாள்.

சைக்கிள் மெதுவாக வந்து அவள் பின்னால் முட்டியது. மாமா தடுமாறி உண்ணிச்செடிப் புதரில் உட்கார்ந்தார்.

"ஏண்டி! தள்ளிட்டு வந்தாலும் வம்பா? நீயுமா நிக்கிறே?" முள்ளைப் பிடுங்கிக்கொண்டே கேட்டார் மாமா.

செந்தாமரை தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் வருவது சைக்கிள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். வருவது மாமா என்றும் தெரியும். பிறகு ஏன் நின்றாள்? அவள் நிற்கவில்லை. அவள் கால்கள்தான் நின்றன.

விறகை வீட்டில் இறக்கியதும் அம்மாவிடம் போனாள். அம்மா சாமை புடைத்துக்கொண்டிருந்தாள்.

"ம்மா, வழியில நடக்கிறப்போ பின்னால மணி கேட்டா நீ இன்னா பண்ணுவே?"

"இன்னா பண்றது? மரமா நிப்பேன்." அம்மா முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மாட்டுக்கு முன்னால ஓடினா அது மிரளும். முட்டித் தள்ளிட்டுப் போகும். நின்னா, அதுவே மேட்டுல ஏறிச் சுத்திப் போய்டும். நீ நடக்கப் பழகறப்பவே சொல்லிக் குடுத்தேனே."

ஆமாம். மலையில் மாட்டுக்கெல்லாம் மணி கட்டித்தான் காட்டுக்குள் விடுவார்கள். மணி கேட்டால் மரமாக நில்! பேச வருவதற்கு முன்பே அங்குள்ள பிள்ளைகளுக்கு அது வந்துவிடும்.

தலைக்குத் தெரியும் அது சைக்கிள் என்று. காலுக்குத் தெரியாது!

செந்தாமரை வெளியே வந்து மாமாவைத் தேடினாள்.

"மாமா, அந்த மணியைக் கழட்டித் தர்றியா?"

"எதுக்கு? கவுண்டர் உடைக்கச் சொன்னாரா?"

"இல்ல. ஒரே ஒரு தடவ அடிக்கணும்."

மாமா அவள் முகத்தைப் பார்த்தார். மேற்கொண்டு கேட்காமல் ஸ்பேனரை எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. மங்கம்மாள் அத்தை காலில் பச்சிலைக் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். மாமா கருப்பனைத் தூக்கிவந்து ஒரு கல்லில் உட்கார வைத்தார். கவுண்டர் இன்னும் வரவில்லை.

செந்தாமரை கவுண்டர் வீட்டுப் பக்கம் ஒரு வேலியோரத்தில் நின்றாள். பாவாடை மடிப்புக்குள் மணி இருந்தது. ஊருக்கே பெரியவர். அவர் பின்னால் போய் மணி அடிப்பதா? அம்மா முதுகில் ஒன்று வைப்பாள். திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தாள். கோழிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த தம்பி கண்ணுக்குள் வந்தான்.

கவுண்டர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். செந்தாமரை சத்தமில்லாமல் பின்னால் போனாள். கோயிலுக்கு முன்னால், எல்லோரும் பார்க்கும் இடம் வந்ததும் மணியை எடுத்தாள்.

'கிணிங்!'

கவுண்டர் மரமாக நின்றார்.

ஊரே அவரைப் பார்த்தது. அவர் திரும்பவில்லை. அசையவும் இல்லை.

"யாரு மாடுடா இது? கூட்டத்துக்குள்ள ஓட்டினு வர்றீங்க? சீக்கிரம் போகச் சொல்லு," என்றார் நேராகப் பார்த்தபடி.

யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். கவுண்டர் மெதுவாகத் திரும்பினார். மாடு இல்லை. செந்தாமரை இருந்தாள். கையில் சைக்கிள் மணி இருந்தது.

சிரித்தவர் வாயை மூடிக்கொண்டார். அம்மா எழுந்தே விட்டாள்.

"இன்னா விளையாட்டு இது?" என்றார் கவுண்டர்.

செந்தாமரை மணியை உயர்த்திக் காட்டினாள். "விளையாட்டு இல்ல தாத்தா. நீங்க ஏன் நின்னீங்க?"

"ஏன் நின்னேனா? மணி கேட்டுச்சு. மணி கேட்டா..."

அவர் வாக்கியம் பாதியில் நின்றது. அவளையும் மணியையும் மாறி மாறிப் பார்த்தார். எங்கோ ஒரு காடை கூவி ஓய்ந்தது.

"நேத்து நானும் நின்னேன் தாத்தா," என்றாள் செந்தாமரை. "மங்கம்மா அத்தையும் அப்படித்தான் நின்னாங்க. யாருக்கும் பொறாமை இல்ல. மாமாவுக்குத் தலைக்கனமும் இல்ல. மாடு சுத்திப் போகும். சைக்கிளுக்குச் சுத்திப் போகத் தெரியாது."

மாமா வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். "அடக் கடவுளே! இத்தனை நாளா நான் மாட்டு மணிய அடிச்சினு போயிருக்கேனா?"

இப்போது எல்லோருமே சிரித்தார்கள். கவுண்டருக்கும் மீசை துடித்தது. அவர் தன் இடத்தில் உட்கார்ந்தார்.

"அப்போ மணி வேணாம். லாரிக்கு இருக்கிற மாதிரி ஊதல் வெச்சுக்கட்டும்," என்றார் ஒருவர்.

"நல்லா இருக்குது! இருக்கிற மாடெல்லாம் மிரண்டு பள்ளத்துல விழறதுக்கா?" என்றார் இன்னொருவர்.

"பின்னால நம்ம ஆளு வந்தா இன்னா பண்ணுவாங்க?" செந்தாமரை மெல்லக் கேட்டாள். "கூப்பிடுவாங்க இல்ல? தம்பி முன்னாலதானே உக்கார்றான். அவன் கூப்பிடட்டும். பேர் சொல்லிக் கூப்பிட்டா யாரும் மரமா நிக்க மாட்டாங்க."

"நான் கூப்பிடறேன்!" என்றான் கருப்பன். கோயில் மணியே லேசாக அதிர்ந்தது போலிருந்தது.

ஆனால் மங்கம்மாள் அத்தை தலையை ஆட்டினாள்.

"பையன் மேல எனக்குக் கோவம் இல்ல. கூப்பிடுவான், கேக்கும். அப்புறம்? தலையில கூடைய வெச்சினு நான் எங்க ஒதுங்கறது? இந்தப் பக்கம் பாறை. அந்தப் பக்கம் பள்ளம். திரும்பிக்கூடப் பார்க்க முடியாது."

அவள் சொன்னது நியாயம். செந்தாமரைக்குத் தெரியும். தம்பியைச் சுமந்தபோது அவளாலும் திரும்ப முடிந்ததில்லை. சுமந்து நடக்கிறவருக்குப் பாதையில் காலடி மண் மட்டும்தான் தெரியும்.

அவள் மாமாவைப் பார்த்தாள். "சுமையோட யாராவது போனா நீ எறங்கிடணும் மாமா."

"எறங்கி?"

"அகலமான இடம் வர்ற வரைக்கும் பின்னாலயே தள்ளிட்டு வரணும்."

"நல்லாச் சொன்னே! தள்ளிட்டே போறதுக்குச் சைக்கிள் எதுக்கு? நடந்தே போலாமே!"

"தம்பியால நடக்க முடியாதே மாமா."

மாமா திரும்பினார். கருப்பனைப் பார்த்தார். பிறகு கீழே பார்த்தார். சைக்கிள் வந்த நாளிலிருந்து அதைத் துடைத்தார், எண்ணெய் போட்டார், மணி அடித்தார். அது யாருக்காக வந்தது என்பது நடுவில் எங்கோ மறந்துபோயிருந்தது.

"எறங்கிடறேன்," என்றார். "மங்கம்மாக்கா, உன் புளிக்கு ஈடா நாளையிலிருந்து நான் வந்து மரம் ஏறி உலுக்கித் தர்றேன்."

"ஏறு, ஏறு. மரத்துக்கு பிரேக் இருக்குது," என்றாள் அத்தை.

கவுண்டர் தொண்டையைச் செருமினார். "சரி. காலும் போகட்டும், சக்கரமும் போகட்டும். சுமை முதல்ல. மணி கூடாது. பையன் கூப்பிடணும்." பிறகு செந்தாமரையைப் பார்த்துக் கையை நீட்டினார். "அந்த மணிய இங்க குடு. இன்னொரு தடவ என் பின்னால அடிச்சே..."

அவர் முடிக்கவில்லை. அவரே சிரித்துவிட்டார்.

அத்தையின் கால் குணமாகப் பத்துப் பன்னிரண்டு நாட்கள் ஆயின. அதற்குள் பாதைக்குக் கருப்பனின் குரல் பழகிவிட்டது. "சாமைக்கட்டு சின்னம்மா, நாங்க வர்றோம்!" என்பான். "செவப்புத் துண்டு மாமா, கொஞ்சம் பாறைப் பக்கம்!" என்பான். பெயர் தெரியாதவர்களுக்கு அவனே பெயர் வைத்தான். சிலர் அதற்கென்றே நின்று, தங்களுக்கு என்ன பெயர் என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

ஒரு நாள் காலை, பனி இன்னும் விலகவில்லை. வளைவு தாண்டியதும் முன்னால் ஒரு புளிக்கூடை தெரிந்தது. அதன் அடியில், கொஞ்சம் சாய்ந்து சாய்ந்து, மங்கம்மாள் அத்தை.

மாமா அந்த நொடியே இறங்கிவிட்டார். பின்னால் ஓடிவந்த செந்தாமரை மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அதே சரிவு. அதே இடம்.

"அத்தே!" என்று கூப்பிட்டான் கருப்பன். கத்தவில்லை. வீட்டு வாசலில் நின்று கூப்பிடுவது போலக் கூப்பிட்டான். "நான்தான் அத்தே. மாமா எறங்கிட்டாரு. நீ பாட்டுக்குப் போ."

அத்தை நிற்கவில்லை. கூடை ஒரே சீராக நகர்ந்தது.

"இன்னாடா கருப்பா, படிப்பெல்லாம் எப்படிப் போகுது?" அத்தையின் குரல் முன்னாலிருந்து வந்தது.

"வாய்ப்பாடு அத்தே. நாலாம் வாய்ப்பாடு."

"சொல்லு, கேப்போம்."

அவன் சொன்னான். அத்தை ஒவ்வொன்றுக்கும் "ம்" கொட்டினாள். சக்கரம் அவள் நடைக்கு ஏற்ப மெல்ல உருண்டது. செந்தாமரை பின்னால் நடந்தாள். ஒரு கூடை, ஒரு சைக்கிள், நாலு பேர். பாதை அத்தனைக்கும் போதுமானதாக இருந்தது.

வாய்ப்பாடு முடிந்ததும் அத்தை, தலையைத் திருப்பாமலே, இடுப்பு மடியிலிருந்து எதையோ எடுத்துக் கையைப் பின்னால் நீட்டினாள். கொழுத்த புளியஞ்சுளை. மாமா அதை வாங்கிக் கருப்பனிடம் கொடுத்தார். அவன் அப்படியே வாயில் போட்டுக்கொண்டான். கண் மூடியது, மூக்கு சுருங்கியது, காது வரை சிலிர்த்தது.

அடுத்த வளைவு வந்தது. எதிரே யாரோ வரும் காலடி கேட்டது. கூப்பிட வேண்டியவனுக்கு வாயைத் திறக்கவே முடியவில்லை. மாமா செந்தாமரையைப் பார்த்தார். செந்தாமரை தம்பியைப் பார்த்தாள்.

அதற்குள் முன்னாலிருந்து அத்தையின் குரல் மலையில் மோதி எழுந்தது.

"ஓய்! யாரு வர்றது? பார்த்து வாங்க! பின்னால நம்ம சைக்கிள் வருது!"